வட்டுக்கோட்டையிலிருந்து கட்டுக்கரை வரை: தனியார் உயர்கல்வியின் ஈர்ப்பும் மதிப்பும்

மன்னார் மாவட்டத்துக் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் ஏறத்தாழ 24,000 ஏக்கர் வயல் விளைகிறது. முருங்கன், நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பெரும்போக நெல்லை நம்பியே கணக்கிடுகின்றன. க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்து, பிள்ளை வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டால், அந்த வீடுகளில் ஒரே பேச்சுத்தான். காசு கட்டிப் படிப்பிக்கலாமா? யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ உள்ள தனியார் நிறுவனம் தரும் பட்டம் நாளைக்கு எடுபடுமா?

இது பெற்றோரின் வீண் பயமன்று. பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மன்னார் அந்தக் கடைசிப் பட்டியலிலும் உண்டு. அப்படியிருந்தும் வெளியே நிற்கும் பிள்ளைகளே அதிகம்.

எடுபடுமா என்ற கேள்விக்கு நிறுவனங்களின் விளம்பரக் கையேடுகளில் விடை கிடைக்காது. ஈழத்தமிழர் மத்தியில் தனியார் உயர்கல்வி இரண்டு நூற்றாண்டுகளாக எப்படி மதிப்புப் பெற்றது, எப்படி இழந்தது என்பதைப் பார்த்தால் ஓரளவு கிடைக்கும். அந்த வரலாறு காட்டும் உண்மை, என் வாசிப்பில், இதுதான்: இந்த நிறுவனங்களுக்கு மாணவரைக் கொண்டுவந்து சேர்த்தவை உத்தியோக ஆசையும் இடத் தட்டுப்பாடும். மதிப்பைத் தந்ததோ வேறொன்று. படிப்பித்தவரோடு சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் வெளியே நின்று சோதித்துப் பார்த்தபோதுதான் மதிப்பு வந்தது.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய நிறுவனத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர்கள் தொடங்க விரும்பியது ஒரு கல்லூரி. காலனி அரசு அதற்கான பட்டயத்தைக் கொடுக்க மறுத்தது. ஆகவே ‘செமினரி’ என்ற பெயரோடு நின்றார்கள். பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்குக் கடைசி வரை இருக்கவில்லை. டானியல் பூவர், அவருக்குப் பின் ஹொய்சிங்டன் ஆகியோரின் தலைமையில் ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானியலும், ஓரளவு வடமொழியும் அங்கே கற்பிக்கப்பட்டன.

பட்டமில்லாத ஒரு நிறுவனம் எப்படிப் பெயர் எடுத்தது? 1829இல் நடந்த ஒன்று இதற்கு நல்ல சான்று. வட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊரான அராலியில் விசுவநாத சாஸ்திரியார் பரம்பரையாகப் பஞ்சாங்கம் கணித்து வந்தார். குடாநாட்டில் அவருடைய கணிப்புக்கு மறுபேச்சுக் கிடையாது. அந்த ஆண்டு மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தைப் பற்றிப் பஞ்சாங்கம் சொன்ன நேரமும் அளவும் தம் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று பூவர் முன்கூட்டியே சொன்னார். இரண்டு கணக்குகளையும் ஊர் அறிந்தது. கிரகண இரவில் வானம் பூவரின் பக்கம் நின்றது. மிஷனரிமாரின் நோக்கம் மதமாற்றம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சாஸ்திரியாரின் மரபுவழிக் கணித அறிவையும் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. கல்வி வரலாற்றுக்கு இதில் முக்கியமானது, சோதனை நடந்த முறை. வகுப்பில் சொல்லிக்கொடுத்த கணிதம் வகுப்புக்கு வெளியே, எதிர்த்தரப்பின் கண் முன்னால், யாராலும் திருத்த முடியாத ஒரு பரீட்சைக்கு உட்பட்டது.

காலனிச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1850இல் வெளியிட்ட நூலில், பாடத்திட்டத்தின் பரப்பிலும் கற்பித்தலின் வெற்றியிலும் வட்டுக்கோட்டையை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடலாம் என்று எழுதினார். ஆனால் ஐந்து ஆண்டுகளில் அது மூடப்பட்டது. 1855இல் மிஷனின் தலைமையகத்திலிருந்து ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழு, ஆங்கிலக் கல்வி மாணவரை ஊழியத்துக்கு அனுப்பாமல் அரசாங்க உத்தியோகத்துக்கே அனுப்புகிறது என்று கண்டது. எந்த ஈர்ப்பு மாணவரைக் கொண்டுவந்ததோ அதே ஈர்ப்பு நிறுவனத்துக்கு முடிவு கட்டியது. இந்த நிகழ்வை நம்முடைய கல்வி வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தமே. ஒரு தனியார் நிறுவனத்தின் ஆயுள், அதன் தரத்தை அன்றி, அதை நடத்துபவரின் நோக்கத்தைச் சார்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் அந்த வரலாற்றில் இல்லை.

மூடிய பின்புதான் வட்டுக்கோட்டையின் தரம் முறைப்படி எடை போடப்பட்டது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகளான கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். வினாத்தாள் தயாரித்தவரும் விடைத்தாள் திருத்தியவரும் வட்டுக்கோட்டையின் ஆசிரியர் அல்லர். பிற்காலத்தில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சில் கொண்டுவந்த தாமோதரம்பிள்ளையின் பதிப்புழைப்பும் அந்த நிறுவனத்தின் கணக்கில் வரவாகவே சேர வேண்டும்.

அதே மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கி, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவரிடம் அறுபதுக்கு மேற்பட்டோர் பயின்று வெளியேறினர். கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870இல் தொடங்குவதற்கு இரு தசாப்தங்களுக்கு முன்பே நடந்த வேலை இது. தனியார் மருத்துவக் கல்வி என்றாலே இன்று இலங்கையில் எழும் சண்டையை நினைக்கும்போது, மானிப்பாய் அனுபவம் அந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாதது வியப்பாக இருக்கிறது.

வட்டுக்கோட்டைச் செமினரியின் பழைய மாணவரும் ஊராரும் கேட்டுக்கொண்டதன் பேரில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அது சில காலம் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தும், பிற்பாடு லண்டன் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார்செய்தும் உயர்கல்வியை நடத்தியது. வெளிப் பரீட்சையை நம்பியதைத் தனியாரின் பலவீனம் என்று எண்ணிவிடக் கூடாது. 1921இல் அரசே கொழும்பில் நிறுவிய பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 வரை லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்கே மாணவரைப் படிப்பித்தது. அரச கல்லூரிக்கும் மிஷன் கல்லூரிக்கும் பரீட்சகர் ஒருவரே. ஆகவே எது அரசு, எது தனியார் என்ற வேறுபாடு பட்டத்தின் மதிப்பை அப்போது தீர்மானிக்கவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோதுதான் படிப்பிப்பதும் பரீட்சிப்பதும் பட்டம் கொடுப்பதும் ஒரே கையில் சேர்ந்தன. அந்தக் கை அரசினுடையது. மதிப்பென்றால் அரச முத்திரை என்ற எண்ணம் மக்களிடம் ஊன்றியது இதற்குப் பிறகுதான்.

1970களின் தரப்படுத்தலை யாழ்ப்பாணத்து எழுத்துகள் இழப்பாகவே பதிவுசெய்துள்ளன. மொழிவாரியாகப் புள்ளிகளை மாற்றிய முறை தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதியில் எனக்கு ஐயமில்லை. அதே வேளை, தொடர்ந்து வந்த மாவட்டப் பங்கீடு மன்னார் போன்ற மாவட்டங்களிலிருந்து முன்பு போக முடியாத சிலரைப் பல்கலைக்கழகத்துக்குள் அனுப்பியது என்பதையும் இந்தக் கரையிலிருந்து எழுதுபவர் சொல்லித்தான் ஆக வேண்டும். இடம் இழந்த வசதியான குடும்பங்கள் பிள்ளைகளை இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்பின. காசு கொடுத்துப் பட்டம் பெறும் வழி நம்மவருக்கு அப்போதே பழகிவிட்டது. கல்லூரிதான் கடல் கடந்து இருந்தது.

1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதற்கு இடம் கொடுத்தவை இரண்டு தனியார் முயற்சிகள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய திருநெல்வேலிப் பரமேஸ்வராக் கல்லூரி ஒன்று; விஞ்ஞான பீடம் முதலில் இயங்கிய வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு மற்றது. வடக்கின் முதல் அரச பல்கலைக்கழகம் தனியார் முயற்சியின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

இன்றைய நிலைக்கு அடித்தளம் சட்டத்தில் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அரச பல்கலைக்கழகங்களையே மனதில் வைத்து எழுதப்பட்டது. 1985இல் செய்த திருத்தம் 25அ என்ற பிரிவைச் சேர்த்து, வேறு நிறுவனங்களையும் ‘பட்டம் வழங்கும் நிறுவனம்’ என அமைச்சர் வர்த்தமானியில் அறிவிக்க வழி செய்தது. நாம் தனியார் பல்கலைக்கழகம் என்று பேச்சில் சொல்பவற்றில் பல, சட்டத்தின் பார்வையில் இந்த வகை. வேறு சில சாதாரணக் கம்பனிகளாகப் பதிந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குப் படிப்பிப்பவை. முதல் வகைக்கு இலங்கையில் பொறுப்புச் சொல்ல ஓர் அமைச்சு உண்டு. இரண்டாவது வகையின் பொறுப்பு வேறொரு நாட்டில் கிடக்கிறது. பெற்றோருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்குவதில்லை.

சட்ட அங்கீகாரம் மட்டும் போதாது என்பதை மருத்துவக் கல்வி இரு முறை காட்டியது. 1980களின் தொடக்கத்தில் ராகமையில் எழுந்த வட கொழும்பு மருத்துவக் கல்லூரி கட்டணம் வாங்கியது. அதற்கெதிரான மாணவர் போராட்டம் அந்தத் தசாப்தத்தின் இறுதியில் நாட்டையே கொந்தளிக்க வைத்த கிளர்ச்சியோடு கலந்தது. 1989இல் அரசு கல்லூரியைப் பொறுப்பேற்றது. 1991இல் அது களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. அதே ராகமைதான், ஆனால் அதன் பிறகு அங்கு பெற்ற பட்டத்தைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பவில்லை. எதிர்ப்பு எழுந்தது கற்பித்தலின் மீதன்று, உள்ளே நுழையும் வாசலின் மீதுதான் என்பதற்கு இது போதிய ஆதாரம்.

மாலபேயில் தோன்றிய சைட்டம் நிறுவனத்தின் கதை இன்னும் கசப்பானது. 2011இல் வர்த்தமானி மூலம் பட்டம் வழங்கும் தகுதியைப் பெற்றும், அதன் மாணவரைப் பதிவுசெய்ய இலங்கை மருத்துவ மன்றம் மறுத்தது. நோயாளர் பக்கத்தில் நின்று பெறும் பயிற்சி போதாது என்பது மன்றத்தின் நிலைப்பாடு. 2017 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இடையில் அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது, மருத்துவ பீட மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர், நிறுவனம் ஒழிக்கப்படும் என்று அரசு அறிவித்தது. மாணவர்கள் கொத்தலாவலப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டனர். வர்த்தமானி ஒன்று சொன்னது, தொழில்சார் மன்றம் வேறொன்று சொன்னது, நீதிமன்றம் மூன்றாவதாக வந்தது. பெருந்தொகை கட்டிய பிள்ளைகளின் இளமையில் சில ஆண்டுகள் அதற்கிடையில் கரைந்தன. சோதிக்கும் வெளியாள் யார் என்பது தீர்மானமாகும் முன் கட்டணம் வாங்கத் தொடங்கியதுதான் இங்கே பிழை என்பது என் முடிவு; அந்தப் பிழையில் அரசுக்கும் பெரிய பங்குண்டு.

நேர்மாறான அனுபவமும் உண்டு. 1999இல் மகாபொல நம்பிக்கை நிதியத்தின் பணத்தோடு தொடங்கிய இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் மென்பொருள் துறையில் நிலைபெற்றுவிட்டது. அங்கே சோதிப்பவர் வேலை கொடுப்பவர். நேர்முகத் தேர்வில் கணினி முன் உட்காரவைத்து எழுதச் சொன்னால் அரைமணியில் தெரிந்துவிடும். மருத்துவத்திலோ சட்டத்திலோ இப்படிச் செய்ய முடியாது. ஆகவே தனியார் பட்டத்துக்கு மதிப்பு உண்டா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை; துறைக்குத் துறை சோதிப்பவர் வேறு.

வடக்கில் இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தோடு இணைந்து புலம்பெயர் தமிழர் முதலீட்டில் யாழ்ப்பாணத்தில் நொதேர்ன் யுனி இயங்குகிறது. 2024 பெப்ரவரியில் முற்றவெளியில் அது ஏற்பாடு செய்த நட்சத்திர இரவில் கூட்டம் தடைகளைத் தாண்டி நிகழ்ச்சி குழம்பியது. அந்த நிறுவனத்தின் பெயர் முன்பு எட்டாத ஊர்களுக்கும் அன்று எட்டியது. சினிமா இரவு ஒரு பட்டத்தின் தரத்தைக் கூட்டவும் மாட்டாது, குறைக்கவும் மாட்டாது. அந்தப் பட்டத்தின் மதிப்பை அதன் மாணவர் வேலைக்குப் போகும் இடங்கள் இனிமேல்தான் எழுதும். புனானையில் சவூதி நிதியோடு கட்டிய மட்டக்களப்பு வளாகமோ 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் அரசியல் விசாரணையில் சிக்கி, கொரோனாத் தனிமைப்படுத்தல் நிலையமாகி, 2023இல்தான் உரியவர்களிடம் திரும்பியது. ஒரு வகுப்புக்கூட நடக்கும் முன்பே ஒரு நிறுவனத்தின் பெயர் கெட முடியும் என்பதை அது காட்டியது.

இனி முருங்கன் வீட்டின் கேள்விக்கு வரலாம். அங்கீகாரம் உண்டா என்று கேட்டால் எல்லா நிறுவனமும் உண்டு என்றே சொல்லும். எந்தப் பிரிவின் கீழ், எந்தப் பட்டத்துக்கு என்று கேட்க வேண்டும். நிறுவனத்துக்குக் கிடைக்கும் அங்கீகாரமும் குறித்த பாடநெறிக்குக் கிடைக்கும் அங்கீகாரமும் ஒன்றல்ல. வினாத்தாளை எழுதுபவர் யார், திருத்துபவர் யார், வெளிப் பரீட்சகர் உண்டா என்று கேட்க வேண்டும். தொழில்சார் மன்றம் உள்ள துறையானால் அந்த மன்றத்திடமே நேரில் கேட்பது நல்லது. 2017இலிருந்து அரசு வட்டியில்லாக் கடன் தரும் பாடநெறிகளின் பட்டியல் தேடலைத் தொடங்க உதவும். ஆனால் அது சட்ட அங்கீகாரத்துக்கு மட்டுமே சாட்சி. பட்டந்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தையும் ஒருதரம் யோசிக்கலாம். முருங்கனில் உள்ள தொன் பொஸ்கோ தொழில்நுட்ப நிலையம் பட்டம் கொடுப்பதில்லை, கைத்தொழில் கொடுக்கிறது.

இன்னோர் அளவுகோலும் இருக்கிறது. அதைப் பெற்றோர் கேட்பதில்லை. ஆய்வாளர் கேட்டாக வேண்டும். 2016, 2017ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கட்டுக்கரையில் அகழாய்வு செய்து, பண்டைக் குடியிருப்பின் தடயங்களையும் சுடுமண் வழிபாட்டுப் பொருள்களையும் வெளிக்கொணர்ந்தார்கள். அந்த வேலைக்கு மாணவர் கட்டணம் எதுவும் காரணமாக இருக்கவில்லை. இந்த மாவட்டத்தில் அருவியாற்று நீரை நம்பிய பாசனம் இருக்கிறது, முத்துக் குளித்த கடல் இருக்கிறது, 2020இல் மன்னார்த் தீவில் எழுந்த 103.5 மெகாவாட் காற்றாலை இருக்கிறது. வடக்கிலுள்ள தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களிலோ கணினியும் வணிக முகாமைத்துவமுமே முன் நிற்கின்றன. கட்டணத்தில் ஒரு பங்கையாவது இந்த மண்ணைப் பற்றிய ஆய்வுக்கு ஒதுக்கும் நிறுவனம் வரும் வரை அவற்றைப் படிப்பிக்கும் நிலையங்கள் என்று சொல்வேன்; பல்கலைக்கழகங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.