மலையாளப் புகையிலையும் ஒரு சட்டப்பிரிவும்

யாழ்ப்பாணத்துக் கூட்டுறவு இயக்கம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன சங்கக்கடை, மூளாய் வைத்தியசாலை, வீரசிங்கம் மண்டபம் ஆகியன. இவற்றைப் பற்றி ஓரளவு எழுதியிருக்கிறார்கள். அவ்வியக்கம் எந்தச் சட்ட வலுவை நம்பி வணிகத்தில் இறங்கியது என்பதைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. அதை விளங்கிக்கொள்ளப் புகையிலையிலிருந்து தொடங்குவது நல்லது.

மலையாளப் புகையிலை மலையாளத்தில் விளைந்ததன்று. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் விளைந்து, திருவிதாங்கூர் மக்கள் வெற்றிலையோடு மெல்லுவதற்கென்று பதப்படுத்தி அனுப்பப்பட்டது. ஒல்லாந்தர் காலந்தொட்டே குடாநாட்டுக்குப் பணம் கொண்டுவந்த பயிர் அது. ஆனால் கமக்காரனுக்கும் அக்கரைச் சந்தைக்கும் இடையில் தரகரும், முற்பணம் கொடுத்த வணிகரும் நின்றனர். பேரம் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே முடிந்தது.

வாய்ப்பேச்சுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? இலங்கையின் பொது ஒப்பந்தச் சட்டம் உரோம-டச்சு மரபைச் சேர்ந்தது. ஆங்கிலச் சட்டத்தில் ஒரு வாக்குறுதி செல்லுபடியாக வேண்டுமானால் அதற்குக் கைம்மாறாக ஏதேனும் பெறப்பட்டிருக்க வேண்டும். உரோம-டச்சுச் சட்டத்தில் அது கட்டாயமில்லை. நியாயமான காரணத்தோடு, மனமறிந்து கொடுத்த வாக்குப் போதும். ஜயவிக்கிரம எதிர் அமரசூரிய வழக்கில் 1918இல் பிரிவிக் கவுன்சில் இதை உறுதிசெய்தது.

கேட்பதற்கு இது கமக்காரனுக்குச் சாதகமாகத் தோன்றும். ஆனால் பொருள் விற்பனைக்கு விதி வேறு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கில வழியைத் தழுவியது. வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையேனும் பெற்றிருக்க வேண்டும். அல்லது விலையில் ஒரு பகுதியையேனும் கொடுத்திருக்க வேண்டும். அல்லது கையொப்பமிட்ட எழுத்து இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றுமே இல்லையெனில் வழக்குத் தொடுத்துப் பயனில்லை. இதன் விளைவைப் பாருங்கள். முற்பணம் கொடுத்த வணிகர் கமக்காரனைக் கட்டிவைக்கலாம். ஒரு சதமும் கொடாமல், "நான் எடுக்கிறேன்" என்று சொல்லிப்போய், விலை விழுந்ததும் திரும்பி வராத வணிகரைக் கமக்காரன் ஒன்றும் செய்ய முடியாது. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். மடியில் பணம் இருந்தவருக்கே அது உதவியது.

இந்தப் பின்னணியில்தான் 1934இல் யாழ்ப்பாண மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் உருவானது. அதற்குமுன் குடாநாட்டில் இருந்தவை பெரும்பாலும் ஐக்கிய நாணய சங்கங்களே. கடன் கொடுத்து வாங்குவது உறுப்பினருக்குள் முடிகிற காரியம். விற்பனை அப்படியன்று, வெளியாரோடு ஒப்பந்தம் செய்தாக வேண்டும். இத்தனை சிப்பம் தருகிறோம் என்று சங்கம் ஏற்றுக்கொண்ட பின், உறுப்பினர் சிலர் இரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று தனி வணிகரிடம் விற்றுவிட்டால் வாக்குத் தவறியது சங்கமாகிவிடும்.

இதற்கான மருந்து 1936ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தில் இருந்தது. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்திலும் தொடர்கிறது. விளைபொருளை விற்பதை நோக்கமாகக் கொண்ட சங்கம், உறுப்பினர் தம் விளைச்சல் முழுவதையும் அல்லது குறித்த அளவைச் சங்கத்தின் வழியாகவே விற்க வேண்டுமென்று உபவிதியிலோ ஒப்பந்தத்திலோ எழுதலாம். மீறுவோர் செலுத்த வேண்டிய நட்டஈட்டையும் முன்கூட்டியே வரையறுக்கலாம். "இது வணிகச் சுதந்திரத்தைத் தடைசெய்கிறது" என்ற ஒரே காரணத்தைக் கூறி எவரும் நீதிமன்றத்தில் அதை எதிர்க்க முடியாது. கூட்டுறவுச் சட்டம் முழுவதிலும் வணிகத்துக்கு மிகவும் உதவுவது இந்தப் பிரிவே என்பது என் எண்ணம். கூட்டுறவாளர் மேடைகளில் ஒற்றுமையைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றிப் பேசியதாகத் தெரியவில்லை.

மற்றொன்று, பதிவு பெற்ற சங்கம் சட்டத்தின் கண்ணில் தனியொரு ஆள். தன் பெயரில் சொத்து வைத்திருக்கும், ஒப்பந்தம் செய்யும், வழக்காடும். தலைவர் கையொப்பமிட்டாலும் கட்டுப்படுவது சங்கம். ஆனால் உபவிதி தராத அதிகாரத்தைத் தலைவரின் கையொப்பம் தந்துவிடாது. எதிர்த்தரப்பார் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது உபவிதிப் புத்தகத்தைத்தான். சங்கத்தின் கருமம் தொடர்பாக உறுப்பினரோடு எழும் பிணக்கு பதிவாளரிடமோ அவர் நியமிக்கும் நடுவரிடமோ போகும். வெளி வணிகரோடு வரும் பிணக்குக்கு நீதிமன்றமே கதி.

சங்கக் கட்டடத்தை வாடகைக்குக் கொடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசின் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய தாளில் இரண்டு வருடத்துக்கு எழுதிக் கையொப்பமிடுவது போதாது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்தது. நெறியாளர்களும் உறுப்பினர்களும் வன்னிக்கும் கொழும்புக்கும் ரொறொன்ரோவுக்குமாகச் சிதறினர். சங்கம் என்ற சட்ட ஆள் அதனால் இறந்துவிடவில்லை. பதிவு இரத்தாகும்வரை அது உயிரோடிருக்கும். ஆனால் அதற்கு வரவேண்டிய பாக்கிகளுக்கு ஆயுள் குறைவு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, எழுத்திலுள்ள ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, வாய்மொழிக்கு 3 ஆண்டு, விற்றுக் கொடுத்த பொருளின் விலைக்கு ஒரே ஆண்டு. போர்க்காலத்தில் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோருக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கணக்கிலிருந்து விலக்குகிறது. ஆனால் அது பேசுவது அசையாச் சொத்தைப் பற்றி மட்டுமே. வெளி வணிகர் சங்கத்துக்குத் தரவேண்டியிருந்த கடன் அதற்குள் அடங்காது.