வாகை சூடி மறைந்த அணி: லண்டன் வொயிட் சிட்டி ரெபல்ஸ், 1976–1978

1908ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்கென மேற்கு லண்டனில் எழுப்பப்பட்ட வொயிட் சிட்டி மைதானத்தில் 1976இல் குடியேறி, மறு ஆண்டே பிரிட்டிஷ் லீக் பட்டத்தைக் கைக்கொண்டு, 1978ஆம் ஆண்டுப் பருவத்தோடு கலைந்துபோன ரெபல்ஸ் என்னும் ஸ்பீட்வே அணியின் சரித்திரத்தைச் சொல்வோர், போதிய கூட்டம் சேராமையால் அது மறைந்தது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். அது மெய்யே, ஆயினும் வாகை சூடிய அணியைக் காண ஜனங்கள் ஏன் திரளவில்லை என்ற வினா அதனால் தீர்ந்துவிடுவதில்லை. அதற்குரிய விடை, அணிக்கும் அது ஓடிய மண்ணுக்கும் இருந்த உறவில் அடங்கியுள்ளது என்பது என் துணிபு.

பிரேக் இல்லாத, ஒரே கியர் கொண்ட 500 சி.சி. மோட்டார் சைக்கிள்களில் அணிக்கு இருவராக நால்வர் இடஞ்சுழியாய் நான்கு சுற்று ஓடும் இப்பந்தயம், ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். தொடக்கக் கோட்டு நாடா மேலெழுந்த கணமே வண்டிகள் பாய, இரும்புத் தகடு பூட்டிய இடக்காலை மண்ணில் இழைத்தபடி, பின்சக்கரத்தை வெளிப்புறமாக வழுக்கவிட்டு ஓட்டிகள் வளைவில் திரும்பும் காட்சியை வேலியோரம் நின்று பார்ப்பதிலேதான் இதன் ரசம் முழுமையும் இருக்கிறது. பல்லாயிரவருக்கென அமைந்த அம்மகா மைதானத்தில் சில ஆயிரம் பேர் சிதறி நின்றால், அவர்களுடைய ஆரவாரம் அவர்களுக்கே கேளாது.

திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. போலந்து நாட்டு மாரெக் சீஷ்லாக் அவ்வணியில் ஓடினார். கார்டன் கென்னட்டோ 1978இல் மால்கம் சிம்மன்ஸுடன் உலக இரட்டையர் பட்டத்தை வென்றதுடன், வெம்பிளியில் நடந்த உலக இறுதிப் போட்டியில் ஓலே ஓல்சனுக்கு அடுத்த ஸ்தானத்தையும் பெற்றார்.

குறை வேறிடத்தில் இருந்தது. ஆக்ஸ்போர்டில் 1972 முதல் நான்கு பருவங்கள் ஓடிய இவ்வணியை, அங்குள்ள மைதானத்தின் எதிர்காலம் ஐயத்துக்குள்ளானபோது, நிர்வாகிகளான டானி டண்டனும் பாப் டுகார்டும் தலைநகருக்குப் பெயர்த்து வந்தனர். விம்பிள்டனும் ஹாக்னியும் ஏற்கெனவே தத்தம் ரசிகர்களைத் திரட்டி வைத்திருந்த நகரம் அது. வெம்பிளி அணியையே 1970இல் புதுப்பித்தும் ஈராண்டுக்கு மேல் நிலைக்கவில்லை. மேலும் இத்தகைய மைதானங்களில் முதலுரிமை நாய்ப் பந்தயத்துக்கே இருந்தது; 1966 உலகக் கோப்பையில் உருகுவே–பிரான்ஸ் ஆட்டம் வெம்பிளியிலிருந்து இதே வொயிட் சிட்டிக்கு மாற்றப்பட்டதும், வெம்பிளியில் வழக்கமான நாய்ப் பந்தயத்தை நிறுத்த உரிமையாளர் இசையாமையால்தான். உலகக் கோப்பைக்கே வழிவிடாத ஒரு தொழிலின் நிழலில், புதிதாய்க் குடிவந்த ஸ்பீட்வே அணி எங்ஙனம் வேரூன்றியிருக்கும்?

இத்துணிபைச் சோதிக்கச் சரித்திரமே இரண்டு சான்றுகளைத் தருகிறது. ரெபல்ஸ் அகன்ற ஆக்ஸ்போர்டில் 1976இலேயே சீட்டாஸ் என்ற பழைய பெயரோடு ஸ்பீட்வே கீழ்ப்பிரிவில் மீண்டும் தொடங்கி, 1985, 1986, 1989 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் லீக் பட்டம் வரை உயர்ந்தது. வொயிட் சிட்டியில் ரெபல்ஸ் கலைந்தபின், டுகார்ட் குடும்பத்தாரின் ஆர்லிங்டன் மைதானத்தில் ஓடிய ஈஸ்ட்போர்ன் அணி, கென்னட்டையும் சேர்த்துக்கொண்டு, 1979இல் மேற்பிரிவில் புகுந்தது. 1995இலும் 2000இலும் நாட்டின் முதல் அணியாயிற்று. புறப்பட்ட ஊரும் போய்ச் சேர்ந்த ஊரும் தழைத்திருக்க, இடையிலிருந்த மாநகர் மட்டும் அணியைத் தாங்கவில்லை. ஆகையால், ஸ்பீட்வே சரித்திரம் எழுதப் புகுவோர் புள்ளிப்பட்டியலைப் புரட்டுவதோடு நில்லாமல், மைதானம் யார் கையில் இருந்தது என்பதையும் முதலில் விசாரித்தறிதல் வேண்டும்.