அடுத்தவர் சரக்கு

திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறைக்குள் நுழைந்தாலும், மலைபோல் அடுக்கியிருக்கும் துணியில் பட்டறைக்காரருக்குச் சொந்தமானது பெரும்பாலும் ஒரு முழம்கூட இராது. நிட்டிங் முடிந்த துணியைப் பனியன் கம்பெனிகள் சலான் போட்டு அனுப்பும். பட்டறை சாயம் ஏற்றி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு திருப்பித் தரும். பட்டறைக்காரரின் சொத்து என்றால் எந்திரங்கள், பாய்லர், சாயப்பொடி, ரசாயனம்.

தீ விபத்துக்குப் பின் நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயராக இந்தப் பக்கத்தில் பல ஆண்டுகள் அலைந்தவன் நான். எரிந்த பட்டறையின் வாசலில் என்னை முதலில் மறிப்பவர் பல சமயம் துணி கொடுத்த கம்பெனிக்காரராகவே இருப்பார். "எங்க துணி உள்ளே இருந்துச்சுங்க சார், சலான் எல்லாம் பத்திரமா இருக்குதுங்க" என்பார். சலான் அவசியம்தான். ஆனால் அதற்கு முன்னால் நான் பட்டறையின் பாலிசியில் ஒரு வரியைத் தேடுவேன்: பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கும் இதில் அடக்கம் என்ற வரி.

அது இங்கிலாந்தின் கிட்டங்கிகளில் பிறந்து வந்த வரி. 1856இல் லண்டன் குவீன்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தில் வாட்டர்ஸ் என்பவர்கள் மோனார்க் காப்பீட்டுக் கம்பெனிமீது தொடுத்த வழக்கு நடந்தது. அவர்கள் மாவு, தானிய வியாபாரிகள். வாடிக்கையாளர்களின் சரக்கையும் தங்கள் கிட்டங்கியில் வைத்திருந்தார்கள். பாலிசியில் சொந்தச் சரக்கோடு, பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சரக்கும் சேர்க்கப்பட்டிருந்தது. தீயில் எல்லாம் போயிற்று. சொந்தச் சரக்குக்குப் பணம் தரக் கம்பெனி தயங்கவில்லை. அடுத்தவர் சரக்கு என்றதும் வாதம் மாறியது: அதில் உங்களுக்கு உள்ள பாத்தியதை கிட்டங்கி வாடகையும் வண்டிச் சத்தமும்தானே, அதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. தலைமை நீதிபதி கேம்பல் பிரபு அதை ஏற்கவில்லை. முழு மதிப்பையும் கம்பெனி தர வேண்டும். கிட்டங்கிக்காரர் தமக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைச் சரக்குக்காரர்களுக்காக வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அப்படியொரு பாலிசி இருப்பதே அந்தச் சரக்குக்காரர்களுக்குத் தெரியாது. தெரியாதவர்களின் பொருளுக்கும் நீதி செய்த தீர்ப்பு என்பதால் இதன்மேல் எனக்குத் தனி மதிப்பு.

ஐந்தே ஆண்டுகளில் காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் பெரிய சோதனை வந்தது. 1861 ஜூன் 22 அன்று தேம்ஸ் கரையில் டூலி தெருவின் காட்டன்ஸ் வார்ஃப் கிட்டங்கியில் தீப்பிடித்தது. சணல், பருத்தி, கொழுப்பு, சர்க்கரை, தேயிலை என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த வணிகர் சரக்கு. உருகிய கொழுப்பு ஆற்றில் எரிந்துகொண்டே மிதந்தது. லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் சுவர் இடிந்து விழுந்து இறந்தார். தீ முழுமையாக அடங்க இரண்டு வாரம் பிடித்தது. நஷ்டம் சுமார் 20 லட்சம் பவுன். அதுவரை லண்டனில் தீயணைப்புப் படையை நடத்திவந்ததே காப்பீட்டுக் கம்பெனிகள்தாம். இனி முடியாது என்று அவை கைவிரித்தன. 1865இல் சட்டம் இயற்றி அந்தப் பொறுப்பை அரசு நிர்வாகத்திடம் சேர்த்தார்கள்.

கிட்டங்கிக்காரர், சரக்குக்காரர் இருவருமே இன்சூர் செய்திருந்தால் யார் தருவது? 1877இல் கிங் அண்ட் குவீன் கிரானரிஸ் வழக்கில் அந்தக் கேள்வியும் தீர்ந்தது. தானியத்துக்குக் கிட்டங்கிக்காரரும் பாலிசி எடுத்திருந்தார், தானிய வணிகரும் எடுத்திருந்தார். பொருளுக்குப் பொறுப்பு கிட்டங்கிக்காரருடையது. ஆகவே அவருடைய காப்பீட்டுக் கம்பெனிகளே முழுச் சுமையையும் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

நம் நாட்டில் இதற்கு அடிப்படை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். விவேகமுள்ள ஒருவர் தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அடுத்தவர் பொருளையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது 151ஆம் பிரிவு. அடுத்த பிரிவுதான் துணிக்காரர்கள் பலருக்குத் தெரியாதது. அவ்வளவு கவனம் எடுத்தும் பொருள் அழிந்துபோனால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வைத்திருந்தவர் பொறுப்பாளி ஆகமாட்டார். பக்கத்துக் கட்டடத்துத் தீ காற்றில் தாவி வந்து துணியை எரித்தால் பட்டறைக்காரர்மேல் குற்றம் சொல்ல முடியாது. பணமும் கேட்க முடியாது. அப்போது காப்பாற்றக்கூடியது பாலிசிதான்.

அந்தப் பாலிசியோ கேட்காமல் காப்பாற்றாது. 2001ஆம் ஆண்டு அகில இந்தியத் தீக்காப்பீட்டுக் கட்டண விதிகளில் வந்த பொதுப் பாலிசி, தங்கக்கட்டி, கையெழுத்துப்படி, பங்குப் பத்திரம், வெடிபொருள் ஆகியவற்றோடு பிறருக்காக வைத்திருக்கும் சரக்கையும் விலக்குப் பட்டியலில் சேர்த்தது. தனியே எழுதிச் சேர்த்தாலொழிய இழப்பீடு இல்லை என்றது அது.

வரி இருந்தும் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் ஆவரேஜ் கணக்கு: பாலிசித் தொகை சரக்கின் மதிப்பைவிடக் குறைந்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். விபத்தன்று உள்ளே ஒரு கோடி ரூபாய்ச் சரக்கு, பாலிசித் தொகை 40 லட்சம், எரிந்தது 50 லட்சம் என்றால் கைக்கு வருவது 20 லட்சம்தான். பல பட்டறைகள் வங்கி கேட்டதற்காகவே பாலிசி எடுக்கின்றன. வங்கியின் கவலை, தான் கடன் கொடுத்த எந்திரமும் சாயச் சரக்கும். வாசல் வழியாக வந்து போகும் துணி அதன் கணக்கில் வராது. தொகையைக் கூட்டினால் பிரீமியம் கூடும். கிலோவுக்குச் சில ரூபாய் லாபத்தில் ஓடும் பட்டறைக்காரர் தயங்குவதில் வியப்பில்லை. அந்தச் செலவில் ஒரு பங்கைக் கூலியோடு சேர்த்துத் துணிக்காரரும் கொடுப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

ஜாப் ஒர்க்குக்குத் துணி அனுப்பும் நண்பர்களே, அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன் பட்டறையின் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்த வரி இருக்கிறதா, தொகை போதுமா என்று இரண்டையும் பாருங்கள். இல்லையென்றால், அங்கே கிடக்கும் உங்கள் துணிக்கு நீங்களே பாலிசி எடுத்துவிடுங்கள்.