கோப்பை கழுவிய தலைமுறை

“பிரான்சில என்ன செய்யிறான்? கோப்பை கழுவுறான்.” எங்கட ஊர்களில் இதை நக்கலாகத்தான் சொல்லுவினம். சொன்ன அதே வீடு, மாதக் கடைசியில் அந்தக் கோப்பை கழுவின காசுக்காகக் காத்திருக்கும். நாங்களும் அந்த நக்கலைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த ஆக்கள்தான். ஆனால், படிப்பிச்சவர், கடை வச்சிருந்தவர், தோட்டம் செய்தவர் எல்லாரும் பாரிசில் ஏன் அதே தொட்டிக்கு முன்னால் போய் நின்றார்கள் என்று கேட்டதில்லை.

அந்த வேலை எங்கட ஆக்களோடு தொடங்கியதல்ல. ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1929இல் பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினார். 1933இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தில் அந்தச் சமையலறையின் படிநிலை இருக்கிறது. சமைப்பவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர். பரிமாறுபவர்கள் இத்தாலியரும் ஜேர்மனியரும். கழுவுபவர்களோ பல நாட்டவர். வாடிக்கையாளரோடு கதைக்கத் தேவையில்லாத இடத்தில்தான் புதிதாக வந்தவனுக்கு இடம்.

1983 யூலைக்குப் பிறகு பாரிசுக்குப் போன எங்கட பெடியளுக்கும் அதே இடம்தான் கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்ச ஆங்கிலம் லண்டனில் உதவியிருக்கும், பாரிசில் உதவவில்லை. முதலே போன ஊர்க்காரர் ஒருவர் முதலாளியிடம் கூட்டிக்கொண்டு போவார், அவருடைய அரைகுறைப் பிரெஞ்சுதான் நேர்முகத் தேர்வு. பிறகு சொற்கள் காதால் வந்தன. ‘ஷோ’ என்றால் சூடு, விலகு. ‘வித்’ என்றால் கெதியா. ‘அசியெத்’ என்றால் கோப்பை. இவ்வளவும் தெரிந்தால் ஒரு நாள் ஓடிவிடும்.

சட்டமும் இதில் கை வைத்தது. அகதி விண்ணப்பம் போட்டவர் முடிவு வரும்வரை வேலை செய்யலாம் என்றிருந்த நிலையை 1991 செப்டெம்பர் 26ஆம் திகதிச் சுற்றறிக்கை நிறுத்தியது. விண்ணப்பம் போட்டவுடன் தானாகக் கிடைத்த வேலை உரிமை போனது. ஆனால் ஏஜென்சிக் கடன் நிற்காதே. களவாக வேலை செய்பவன் சம்பளம் குறைவு என்று யாரிடம், எந்த மொழியில் முறையிடுவான்?

விசா கிடைத்த பிறகும் மொழி வரவில்லை. ரெஸ்ரோறன்ற் வேலை மத்தியானம் ஒரு தடவை, இரவு ஒரு தடவை. இடையில் கிடைக்கும் இரண்டு மூன்று மணித்தியாலம் நித்திரைக்கே காணாது. மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பு தொடங்கும் நேரத்தில் இரவுச் சாப்பாட்டுக்கான கோப்பைகள் வரத் தொடங்கிவிடும். பக்கத்தில் நிற்பவரும் தமிழர் என்றால் பிரெஞ்சுக்கு அங்கே வேலையே இல்லை. மொழி கேட்காமல் உள்ளே விட்ட அதே சமையலறை, மொழி படிக்கவும் விடவில்லை.

ஆனால் அரசு கேட்டது. 2012இலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் பி1 அளவுக்குப் பேச்சு மொழி தெரியும் என்று பத்திரம் காட்ட வேண்டியிருந்தது. 2026 ஜனவரியிலிருந்து அது பி2. இருபது வருசம் அந்த நாட்டின் கோப்பைகளைக் கழுவியவர், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அலுவலகங்களில் கதைக்கிறார். குடியுரிமை நேர்முகத்தில் பிள்ளை பதில் சொல்ல முடியாது.

இதை மொழி படிக்கப் பஞ்சிப்பட்ட ஆக்களின் கதை என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது நேரம் கிடைக்காத ஆக்களின் கதை. அடுத்தமுறை பாரிஸ் மாமா கோல் எடுக்கேக்க, காசு கேட்க முதல், அவர் முதன்முதல் படிச்ச பிரெஞ்சுச் சொல் என்ன எண்டு கேட்டுப் பாருங்கோ.