கரமனை வீட்டில் ‘சக்தி’

1976இல் வந்த ‘சக்தி’ ஆல்பத்தைப் பற்றி திருவனந்தபுரத்தில் எங்கள் கரமனை வீட்டில் இரண்டு கட்சி. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் மின்கிதாரை அலறவிட்ட ஜான் மெக்லாக்லின், இதில் சாதா கிதாருக்கு இறங்கிவிட்டார். மேல்நாட்டு ராக் ரசிகர்கள் பலருக்கு ஏமாற்றம்.

பெரியப்பாவுக்கு வேறு குறை. எங்கள் ஊர் நவராத்திரி மண்டபத்தில், கூரையில் மண்பானைகள் தொங்க, கர்நாடகக் கச்சேரிகளைக் கைதட்டாமல் கேட்டுப் பழகிய காது அவருடையது. இதுவோ 1975இல் அமெரிக்கக் கல்லூரியில் நடந்த கச்சேரியின் பதிவு, கைதட்டலும் உண்டு. “ஓட்டம் இருக்கு, நிதானம் எங்கேடா?” என்பார்.

மெக்லாக்லின் கர்நாடக வித்வான் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் என்று நான் வாதாடுவேன். எல். சங்கரின் வயலினுக்கும் விக்கு விநாயக்ராமின் கடத்துக்கும் மட்டும் பெரியப்பா தலையாட்டுவார். ஆனாலும் ஆல்பத்தின் 18 நிமிட உருப்படியான ‘ஜாய்’ பாதியாக இருந்திருக்கலாம் என்பதே என் கட்சியும்.