ஒரே அலமாரி, இரண்டு மொழிகள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம், என் லேப்டாப்புக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. பத்து வருடத்துக்கு முந்திய மெஷின். அது விழித்து வருவதற்குள் ஒரு தம்ளர் காப்பி ஆறிவிடும்; அதைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். இந்தச் சத்தம் அப்படிப்பட்டதல்ல. உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் கெட்டுப்போவதற்கு முன் தரும் எச்சரிக்கை.

அந்த டிஸ்க்கில் என் மனைவியின் குரல் இருந்தது. அவள் தென்காசிக்காரி. ஐந்தருவிக்குக் கட்டுச்சோற்றோடு போன கதை, இடிந்து நின்ற காசி விசுவநாதர் கோயில் கோபுரம் 1990-இல் மறுபடி முழுதாக எழுந்ததைப் பார்த்த கதை என்று கடைசி இரண்டு வருடங்களில் அவள் சொன்னதையெல்லாம் பதிவு செய்திருந்தேன். வேறு பிரதி கிடையாது. உத்தியோக காலம் முழுவதும் கோப்புகளுக்கு நகல் எடுத்தவன், சொந்த வீட்டில் எடுக்கவில்லை.

சுழலும் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால் எம்.2 என்கிற ஒரு காலி ஸ்லாட் தெரிந்தது. விளம்பரத்தில் வேகம் அதிகம் போட்டிருந்த ஒரு பட்டையை வாங்கினேன். அழகாக உள்ளே உட்கார்ந்தது, திருகும் ஏறியது. ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அடுத்த வீட்டுத் தம்பி வந்து பார்த்தான். "தாத்தா, பொருந்தத்தான் செய்யும். ஆனா அது பேசுற பாஷை இதுக்குத் தெரியாதுல்லா" என்றான். அடுத்த கேள்வி: "முதல்ல காப்பி எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. அன்று ராத்திரியே பதிவுகளை வெளி டிரைவ் ஒன்றுக்கு ஏற்றினோம். இரண்டு முறை நடுவில் நின்று, மூன்றாம் முறை முடிந்தது. அதன் பிறகுதான் அவன் சொன்ன "பாஷை" விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ரமாக் கணினியின் டிஸ்க் அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். போகப்போகத் தட்டு சுருங்கி, லேப்டாப்புக்கான இரண்டரை அங்குல டிஸ்க் ஆயிற்று. இன்னொரு பக்கம், ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டுபிடித்தார். அதில் சுழலும் பாகமே இல்லை. 1991-இல் 20 மெகாபைட் ஃபிளாஷ் டிரைவ் ஒன்று விற்பனைக்கு வந்தபோது, ஹார்டு டிஸ்க்கின் உருவத்திலேயே வந்தது. இருக்கிற கணினிகளில் நுழைய வேண்டுமே!

2003-இல் வந்த சாட்டா இணைப்பும் சுழலும் டிஸ்க்கை மனத்தில் வைத்துச் செய்ததுதான். அதற்கென்று வந்த ஏ.எச்.சி.ஐ. முறையில் ஒரே வரிசை, அதில் 32 கட்டளைகள். ஒரே கவுண்டர் உள்ள தாலுகா ஆபீஸ் மாதிரி. ஃபிளாஷுக்கென்றே 2011-இல் வந்தது என்.வி.எம்.ஈ.; அதில் 65,000 வரிசைகள் வரை திறக்கலாம். பிறகு வந்த எம்.2 ஸ்லாட் இரண்டு முறைகளுக்கும் இடம் கொடுத்தது. சில லேப்டாப்புகளில் அது சாட்டா மட்டும் பேசும், சிலவற்றில் என்.வி.எம்.ஈ. மட்டும், சிலவற்றில் இரண்டும். என்னுடையது சாட்டா மட்டும்.

இதைப் படித்ததும் என் பழைய ஆபீஸ் அலமாரி ஞாபகம் வந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது; சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல். நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, பிரெஞ்சில் எழுதிய எத்தா சிவீல் பிறப்புப் பதிவேடுகளும், ஆங்கிலக் கோப்புகளும் ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அளவு பொருந்தியது. ஆனால் பிரெஞ்சு தெரியாத குமாஸ்தா கையில் அந்தப் பதிவேடு வெறும் காகிதம். எவ்வளவோ பேருடைய குடியுரிமை அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. அந்த அலமாரியோடு பழகியவன், ஸ்லாட்டின் அளவை மட்டும் பார்த்து வாங்கினேன் என்பதுதான் வேடிக்கை.

நம் பகுதியில் பல வீடுகளில், 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்புகள் பரணில் கிடக்கின்றன. டிஸ்க் மந்தமாகிவிட்டது என்பதற்காகவே ஒதுக்கிவைத்தவையும் அவற்றில் உண்டு. மாற்ற நினைப்பவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டது:

முதலில் நகல். அடுத்து, அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். இரண்டரை அங்குல சாட்டா டிஸ்க் இருந்தால், அதே அளவு சாட்டா எஸ்.எஸ்.டி.தான் வம்பில்லாத வழி. பழைய டிஸ்க் 9.5 மி.மீ. தடிமனாக இருக்கலாம், புதியது 7 மி.மீ.; ஆடினால் ஒரு சட்டம் வைத்தால் போதும். எம்.2 ஸ்லாட் என்றால் அது பேசும் முறையையும், நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். பட்டையில் உள்ள வெட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நான் ஏமாந்தது அங்கேதான்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாட்டா எஸ்.எஸ்.டி. வினாடிக்கு 550 மெகாபைட் அளவில் நின்றுவிடும், நல்ல என்.வி.எம்.ஈ. அதைப் போல ஆறு மடங்கு ஓடும். ஆனால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு சாட்டாவே ஏகப்பட்ட வேகம்.

இப்போது காப்பி ஆறுவதில்லை. தவறாக வாங்கிய பட்டையை வீணாக்கவில்லை, யு.எஸ்.பி. கூடு ஒன்றில் போட்டு, மனைவியின் குரலுக்கு இரண்டாம் பிரதியாக்கிவிட்டேன். மூன்றாம் பிரதி மகள் வீட்டில் இருக்கிறது.