சுருட்டும் தீவின் ஈரக்காற்றும்

ஆண்டு விழா மலரென்றால் அதில் மன்னரையும் புலவரையும் பற்றிய கட்டுரைகள் இடம்பெறுதல் மரபு. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’ என்று குறிக்கப்பெறும் நாடு இன்றைய நிக்கோபாரே என்பதையும், கி.பி. 1025ஆம் ஆண்டளவில் அவனுடைய கடற்படை கடாரத்தின்மேற் சென்றதையும் இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர்கள் நன்கறிவர். அத்தகைய பெருமைகளை எழுதுவோர் பலர் உளர். நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. தாயகத்திலிருந்து நம் பெரியவர்கள் கொண்டுவந்த சுருட்டு இத்தீவில் ஏன் கெட்டது, அதனைக் கெடாமல் வைப்பது எங்ஙனம் என்பதே அது. எளிய பொருளாயினும் அதற்கும் நீண்டதொரு வரலாறு உண்டு.

நம் பாட்டனார் உறையூரில் வாங்கிய சுருட்டுக்கட்டுகளைத் தகரப்பெட்டியொன்றில் அடுக்கிக்கொண்டு, சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலேறி இங்கு வந்து சேர்ந்தார். ஊரில் இருந்தபோது கோடைக்காலத்தில் பெட்டியின் அடியில் நனைத்துப் பிழிந்த துணியொன்றை வைப்பது அவர் வழக்கம். அவ்வழக்கத்தை இங்கும் விடவில்லை. வைகாசி மழை தொடங்கிப் பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது சுருட்டெல்லாம் வெண்பூஞ்சணம் போர்த்திருந்தது. பெரியவர் ஒரு சொல்லும் சொல்லாமல் அவற்றைக் கொல்லையிற் குழிதோண்டிப் புதைத்தார். ஊரிலே காத்த வழி தீவிலே கெடுத்தது. அவருக்கு அன்று விளங்காத காரணத்தை அறிய வேண்டுமாயின், சுருட்டு என்னும் பொருளின் தன்மையை முதலில் அறிதல் வேண்டும்.

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வாயிலாகப் பதினாறாம் நூற்றாண்டிற்குப் பின்னரே அது இந்தியாவில் பரவிற்று. சகாங்கீர் மன்னர் 1617ஆம் ஆண்டில் அதனைத் தடைசெய்ததாக வரலாறு கூறும். தடை நிற்கவில்லை, செடி நின்றது. வந்த பொருளுக்குத் தமிழர் கடன்சொல் தேடவில்லை. புகைக்கும் இலை ‘புகையிலை’ ஆயிற்று. சுருட்டப்பட்டது ‘சுருட்டு’ ஆயிற்று. அச்சொல்லே போர்த்துக்கீசியர் நாவில் ‘சருட்டோ’ என்றும், ஆங்கிலேயர் நாவில் ‘செரூட்’ என்றும் திரிந்து உலகெங்கும் சென்றது. 1886ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆப்சன்-சாப்சன்’ என்னும் சொல்லகராதியும் இதன் வேர் தமிழே என்று குறித்துள்ளது. இலை வெளிநாட்டது; பெயர் நம்முடையது.

சோழர் தலைநகராய்ப் பழம் புகழ் பெற்ற உறையூர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுருட்டினால் புதுப்புகழ் பெற்றது. ‘திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்று வெள்ளையர் அழைத்தது உறையூர்த் தெருக்களில் கையால் உருட்டப்பட்ட சுருட்டையே. அதற்கு வேண்டிய இலை பெரும்பாலும் திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்து நிலங்களில் விளைந்தது. ஊசிக்கப்பல், வெள்ளைவாழை என்பன அங்குள்ள உழவர் வழங்கும் இலைவகைகளின் பெயர்கள். சென்னை ஸ்பென்சர் நிறுவனத்தாரும் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தினர். விடுதலைக்குப்பின் 1948ஆம் ஆண்டில் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமொன்றும் அமைந்தது.

இலையை அறுத்தவுடன் சுருட்டாக உருட்டிவிட முடியாது. அதனை உலர்த்தி, கட்டுகளாகக் கட்டி, குவியலாக அடுக்கி வைப்பர். குவியலின் உள்ளே தானாகவே சூடு பிறக்கும். சூடு மிகாதவாறு குவியலைக் கலைத்து, உள்ளிருப்பதை வெளியிலும் வெளியிலிருப்பதை உள்ளுமாக மாற்றி மாற்றி அடுக்குவர். இதற்குப் ‘பாடம் செய்தல்’ என்று பெயர். பச்சை வாடையும் கடுப்பும் அடங்கி, இலை நிறமும் மணமும் பெறுவது இதனாலேயாம். பாடமான இலை செத்த பொருளென்று எண்ணுதல் கூடாது. காற்றில் ஈரம் மிகுந்தால் அதனை உறிஞ்சும்; காற்று வறண்டால் தன் ஈரத்தை வெளியே விடும். உறையூர்ச் சுருட்டு இருமுனையும் வெட்டித் திறந்திருப்பது. ஆதலின் காற்றின் குணம் அதனுள் விரைந்து புகும்.

வறண்டால் மேலிலை வெடிக்கும், மணம் போகும், புகை நாக்கைச் சுடும். ஈரம் மிகுந்தால் சுருட்டு ஊதிப் பருக்கும். இழுத்தால் புகை வாராது. நாளடைவில் பூஞ்சணம் பிடிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலை, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65 முதல் 70 வரை இருப்பதாகும் என்பர் அறிந்தோர். சுருட்டைக் காத்தல் என்பது இந்த இடைநிலையை ஒரு சிறு பெட்டிக்குள் நிறுத்தி வைப்பதே.

இக்கலையைப் பழைய வணிகர் நன்கறிந்திருந்தனர். இல்லையேல் உறையூர்ச் சுருட்டு பல வாரக் கடற்பயணம் செய்து இலண்டன் நகரக் கடைகளைச் சேர்ந்திராது. அங்கு அது எவ்வளவு பழகிய பொருளாயிற்று என்பதற்குக் கானன் டாயில் எழுதிய துப்பறியும் கதைகளே சான்று. 1887ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் கதையில் செர்லாக் ஓம்சு என்னும் துப்பறிவாளர், சாம்பலைக் கண்டே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று கூறிவிடுகிறார். 1890ஆம் ஆண்டில் வந்த ‘நால்வர் குறி’ என்னும் இரண்டாம் கதையிலும் திருச்சினாப்பள்ளிச் சாம்பல் பேசப்படுகிறது. அதே கதையில்தான் நம் அந்தமானும் வருகிறது என்பது நமக்குச் சுவையான செய்தி. தண்டனைத் தீவிலிருந்து தப்பிய கைதி ஒருவனும், அவனுடன் சென்ற தீவினன் ஒருவனும் அக்கதையில் உலவுகின்றனர். சுருட்டைப் பற்றி அவ்வாசிரியர் எழுதியது பொருந்தும். தீவினரைப் பற்றி எழுதியது பெரும் பிழை. அந்தமான் பழங்குடியினர் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியவர்கள்; ஊதுகுழலில் நச்சு முள் வைத்து மனிதரைக் கொல்லும் கொடியோராக அவர்களைக் காட்டியது வெறுங்கற்பனை.

அப்பழங்குடியினர் கண்ட உண்மையான நஞ்சு வேறு. 1858ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குத் தண்டனைக் குடியிருப்பை மீண்டும் நிறுவினர். 1863ஆம் ஆண்டில் பழங்குடியினரைப் பழக்கிவைக்க ‘அந்தமான் இல்லம்’ என்பதைத் தொடங்கினர். அங்கு உணவோடு புகையிலையும் கொடுத்து அவர்களைத் தம்பால் ஈர்த்தனர். நிக்கோபாரிலும் வணிகர்கள் தேங்காய்க்கு மாற்றாகத் துணியும் புகையிலையும் கொடுத்து வந்தனர். 1877ஆம் ஆண்டில் பரவிய தட்டம்மை முதலிய புதுநோய்களே பெரிய அந்தமானியரை மிகுதியும் மாய்த்தவை. ஆயினும் அந்நோய்கள் இருந்த இடத்திற்கு அவர்களை அழைத்துவந்த தூண்டில்களுள் புகையிலையும் ஒன்று. அளவிறந்த புகைப்பழக்கம் அவர்களுக்குக் கேடாயிற்று என்பதை ஆங்கிலேயரே பின்னர் எழுதிவைத்தனர். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேராயிருந்த அம்மக்கள் 1961ஆம் ஆண்டில் 19 பேராகக் குறைந்தனர். ஆதலின், சுருட்டைப் பெட்டியில் வைத்தால் மட்டும் போதாது. அப்பெட்டி எவர் கைக்குச் செல்லலாகாது என்பதையும் இத்தீவில் வாழும் நாம் எண்ணுதல் வேண்டும். பழங்குடியினர் பாதுகாப்பிற்கென 1956ஆம் ஆண்டிலேயே தனி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. இருந்தும் சாரவா மக்களுக்கு வழிச்செல்வோர் புகையிலை கொடுத்துப் பழக்கியதாகச் செய்திகள் பின்னரும் வந்தன. நம்மவர் எவரும் அப்பிழையைச் செய்தலாகாது.

இனி நம் பாட்டனார் பெட்டிக்கு வருவோம். திருச்சியில் ஓராண்டில் பெய்யும் மழை 900 மில்லிமீட்டருக்கும் குறைவு. சித்திரை வெயிலிற் காற்று வறண்டு கிடக்கும். அங்குச் சுருட்டின் பகை வறட்சியே. ஆகவே ஈரத்துணி வைத்தல் அறிவுடைய செயல். 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள நம் போர்ட் பிளேயரிலோ ஆண்டு மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். தென்மேற்கும் வடகிழக்குமாக இரு பருவமழையும் இங்கு உண்டு. மழைக்காலத்திற் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டி நிற்கும். இங்குச் சுருட்டின் பகை ஈரம். அவர் வைத்த துணி பகைவனுக்குக் கதவைத் திறந்துவிட்டதாயிற்று. வறண்ட ஊரில் ஈரத்தை உள்ளே நிறுத்த வேண்டும். ஈரத் தீவில் அதனை வெளியே நிறுத்த வேண்டும்.

பட்டறிவினாலும் கற்றறிந்தவற்றாலும் நாம் கண்ட முறைகளை இங்குத் தொகுத்துக் கூறுகிறோம்.

காற்றுப் புகாத மூடியுடைய கண்ணாடிச் சாடியோ தகரப்பெட்டியோ போதும். உள்ளே மரத்தடுப்பு வைப்பின் நன்று. மரம் மிகுந்த ஈரத்தை வாங்கிக்கொண்டு, குறைந்தபோது திருப்பிக் கொடுக்கும். மேலைநாட்டார் இதற்கு மேற்கிந்தியத் தீவுகளின் ‘சீடர்’ மரத்தைப் பயன்படுத்துவர். அது உண்மையில் தேவதாரு இனமன்று. நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உறவான சந்தனவேம்பு நம் நாட்டில் சுருட்டுப்பெட்டி செய்ய உதவிற்று.

ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்தல் வேண்டும். அது மெய் சொல்கிறதா என்று சோதிக்க உப்பே போதும். சிறு மூடியொன்றில் ஒரு கரண்டி உப்பை இட்டு, கரைந்துவிடாமல் நனையுமளவு சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு சாடியில் இட்டு மூடி, ஓரிரவு விட்டால் முள் 75இல் நிற்கவேண்டும். வேறெங்கேனும் நின்றால் அவ்வேறுபாட்டைக் கணக்கிற் கொள்ளலாம்.

மழைக்காலத்தில் உலர்ந்த அரிசியைச் சிறு துணிமுடிச்சாகக் கட்டிப் பெட்டியின் மூலையில் வைத்து, வாரந்தோறும் மாற்றலாம். ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளை மிகுதியாக இட்டால் சுருட்டு ஒரேயடியாய்க் காய்ந்துவிடும். ஈரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல சிறு பைகள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன, அவை எளிது.

அடுத்த பகை புகையிலை வண்டு. கடுகளவு பழுப்பு வண்டு அது. முப்பது பாகை வெப்பமும் மிகுந்த ஈரமும் அதற்கு உகந்தவை. நம் தீவு அவ்விரண்டையும் குறைவின்றி வழங்குகிறது. சுருட்டில் ஊசித்துளை போன்ற ஓட்டை கண்டால் அதுவே அடையாளம். அவ்வண்டு மஞ்சள், சுக்கு, மிளகாய் ஆகியவற்றையும் உண்ணுமாதலால், அஞ்சறைப்பெட்டிக்கு அருகே சுருட்டை வைத்தல் இரண்டிற்கும் கேடு. புதிதாக வந்த கட்டைக் காற்றுப் புகாத பையிலிட்டு, குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் மூன்று நாளும், கீழறையில் ஒரு நாளும் வைத்துப் பின்னர் வெளியே எடுத்தால் முட்டையும் புழுவும் மாயும். பையில் இடாமல் வைத்தால் குளிர்ப்பெட்டியின் வறட்சி சுருட்டை உலர்த்திவிடும்.

கற்பூரம், இரசகற்பூர உருண்டை, ஊதுவத்தி ஆகியவற்றின் அருகே வைத்தலும் தகாது. இலை எந்த மணத்தையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பூஞ்சணம் பிடித்த சுருட்டைத் துடைத்துப் பயன்படுத்த எண்ணாமல் எறிந்துவிடுதல் நலம். பெட்டிக்குப் பூட்டும் இருக்கட்டும். வீட்டில் சிறுவர் உளர்.

இவ்வளவும் எழுதியது புகைப்பழக்கத்தை வளர்க்க அன்று. புகையிலை உயிர்கொல்லி என்பதை மருத்துவம் ஐயத்திற்கிடமின்றி நிறுவிவிட்டது. நம் தந்தையார் மருத்துவர் சொற்கேட்டு அதனை அறவே விட்டார், நாம் தொட்டதேயில்லை. இன்று நம் வீட்டுத் தகரப்பெட்டியில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு கட்டு. பாட்டனார் மறைவதற்கு முன் கடைசியாக ஊரிலிருந்து வரவழைத்தது. பிரித்துப் புகைக்க அதற்கு இனி ஒருவரும் இல்லை. ஆயினும் பருவந்தோறும் அரிசிமுடிச்சை மாற்றுகிறோம், ஈரமானியைப் பார்க்கிறோம். உறையூரில் இத்தொழிலைச் செய்த கைகள் குறைந்துவருகின்றன. அக்கைகள் உருட்டியது ஒன்று இங்கேனும் கெடாமல் இருக்கட்டும் என்னும் எண்ணமே காரணம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைவர் அளவினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். ஊரிலிருந்து நாம் கொண்டுவந்தவை பல. அவற்றைக் காக்க ஊரில் நம் முன்னோர் கையாண்ட முறைகளையும் உடன் கொண்டுவந்தோம். அம்முறைகள் இக்காற்றுக்குப் பொருந்துமா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நம் கடமை. பாட்டனார் ஈரத்துணியை எடுத்துவிட்டு அரிசிமுடிச்சை வைத்ததும் அப்பெட்டி அதே பெட்டிதான்; அதனுள் இருப்பதும் அதே உறையூர்ச் சுருட்டுதான்.